சிப் ஏறும் விமானத்தில் மந்தநிலையும் ஏறுகிறது

ஒவ்வொரு மாதமும் 11, 21 தேதிவாக்கில் தென்கொரியச் சுங்கத்துறை ஒரு சிறு அறிக்கையை வெளியிடுகிறது. அந்த மாதத்தின் முதல் 10 நாள்களில், முதல் 20 நாள்களில் நாட்டிலிருந்து எவ்வளவு சரக்கு வெளியே போனது என்பதுதான் செய்தி. மாதம் முடிந்த மறுநாளே முழுக் கணக்கும் வந்துவிடும். கொரியாவின் ஏற்றுமதியில் கொரியர்களுக்கு அக்கறை இருப்பது இயல்பு. ஆனால் நியூயார்க்கிலும் லண்டனிலும் இருக்கும் முதலீட்டு ஆய்வாளர்களும் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள். அறிக்கையில் அவர்களுடைய கண் முதலில் போய் நிற்பது குறைகடத்தி, அதாவது சிப், என்ற வரியில்தான். தைவானில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முந்தைய மாத விற்பனையை 10ஆம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கணக்கையும் உலகம் இதே ஆவலோடு படிக்கிறது.

காரணம் எளிது. அமெரிக்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி பற்றிய முதல் மதிப்பீடு, காலாண்டு முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான் வரும். அமெரிக்க நிறுவனங்கள் சர்வருக்கும் கணினிக்கும் பணத்தை இறக்குகின்றனவா, செலவைச் சுருக்கிக்கொண்டனவா என்பது அதற்கு முன்பே கொரியாவின் இஞ்சியோன் விமான நிலையத்தின் சரக்குக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. ஒரு நாட்டின் நாடித்துடிப்பை இன்னொரு நாட்டின் சுங்கச் சாவடியில் எண்ணிப் பார்க்கும் இந்த நிலை எப்படி வந்தது?

இரு நாடுகள் தமக்குள் அதிகம் வணிகம் செய்தால் அவற்றின் ஏற்ற இறக்கங்களும் ஒன்றுபோல ஆகும் என்பது பாடநூல் விடை. ஜெஃப்ரி ஃபிராங்கெல், ஆண்ட்ரூ ரோஸ் என்ற இரு பொருளியலாளர்கள் தொழில்வள நாடுகளின் முப்பதாண்டுத் தரவுகளைப் பார்த்துவிட்டு 1998இல் இதைத்தான் சொன்னார்கள். இன்னொரு பொருளியலாளரான பால் க்ரூக்மன் அதற்கு நேரெதிரான வாய்ப்பைச் சுட்டியிருந்தார். வணிகம் பெருகினால் ஒவ்வொரு நாடும் தனக்குக் கைவந்த தொழிலிலேயே குவியும். காரில் வரும் மந்தம் துணி நெய்யும் நாட்டைத் தொடாது. ஆகவே நாடுகள் தனித்தனித் தாளத்தில் போகலாம் என்பது அவர் வாதம். தரவுகள் முதல் தரப்பின் பக்கமே சாய்ந்தன. ஆனால் ஒரு முரண் எஞ்சியது. வழக்கமான பொருளியல் மாதிரிகளில் வணிகத்தை நுழைத்துக் கணக்குப் போட்டால் கிடைக்கும் பிணைப்பு, நடப்பில் காணும் பிணைப்பைவிட மிகவும் குறைவாக இருந்தது. அய்ஹான் கோசே, கெய்-மு யீ என்ற பொருளியலாளர்கள் இதைப் புதிர் என்றே அழைத்தார்கள்.

புதிரின் ஒரு பகுதி, சரக்கின் தன்மையைப் பிரித்துப் பார்த்தபோது அவிழ்ந்தது. வணிகத்தால் உண்டாகும் பிணைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒரு நாட்டின் உற்பத்தி இன்னொரு நாட்டின் தொழிற்சாலைக்கு உள்ளீடாகப் போவதால் வருகிறது என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எவ்வளவு வணிகம் என்ற கேள்வியிலேயே ஆய்வுலகம் அதிக நேரம் நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பொருளின் வணிகம் என்று கேட்டால் காட்சி மாறுகிறது. உயர்தொழில்நுட்பப் பொருளை விற்கும் நாடு, வாங்கும் நாட்டின் பொருளாதாரத்தோடு பிணைவதைக் காட்டிலும் இறுக்கமாக, அந்தப் பொருளின் தேவை ஏறி இறங்கும் சுழற்சியோடு பிணைந்துவிடுகிறது. இரண்டும் ஒரே திசையில் போகும் காலங்களில் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

அந்தப் பொருளின் முதல் குணம், வாங்குவதைத் தள்ளிப்போட முடியும் என்பது. மின்சாரத்தையும் மருந்தையும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் விட முடியாது. சர்வரை விடலாம், கணினியை, கைபேசியை, தொலைத்தொடர்புக் கருவியை விடலாம். பழையது இன்னும் ஓர் ஆண்டு ஓடும். எந்த நாட்டின் கணக்கை எடுத்தாலும் நுகர்வு மெதுவாக அசையும், முதலீடு துள்ளும். இயந்திரமும் மின்னணுக் கருவியும் விற்கும் நாடு, வாடிக்கையாளர் நாட்டின் பொருளாதாரத்தில் மிக அதிகமாகத் துள்ளும் அந்தப் பகுதியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது.

2001 இதற்குச் சரியான சாட்சி. அமெரிக்காவில் அந்த ஆண்டு மார்ச்சில் தொடங்கிய மந்தநிலை நவம்பரில் முடிந்துவிட்டது. முழு ஆண்டையும் எடுத்தால் அந்நாட்டுப் பொருளாதாரம் சுமார் 1 சதவீதம் வளரவே செய்தது. ஆனால் உலகின் குறைகடத்தி விற்பனை 2000இல் ஏறத்தாழ 20,400 கோடி டாலராக இருந்தது, 2001இல் 13,900 கோடி டாலராகச் சரிந்தது. மூன்றில் ஒரு பங்கு ஒரே ஆண்டில் காணாமல் போயிற்று. 2000இல் சுமார் 9 சதவீதம் வளர்ந்த சிங்கப்பூர், மறு ஆண்டு 1 சதவீதம் சுருங்கியது. இடைவிடாத வளர்ச்சிக்குப் பழகிப்போயிருந்த தைவான் பொருளாதாரமும் அதே ஆண்டு சுருங்கியது. வாங்கியவர் தடுக்கி நின்றார், விற்றவர் குப்புற விழுந்தார். இரு நாடுகளின் ஏற்ற இறக்கங்கள் ஒத்துப்போகின்றனவா என்று அளக்கும் புள்ளியியல் கருவி, திசை பொருந்துகிறதா என்றுதான் சொல்லும். யாருக்கு எவ்வளவு ஆழமான பள்ளம் என்பது அதில் வராது.

அந்தச் சரிவின் உள்ளே என்ன நடந்தது என்பதை, இணைய வலையமைப்புக் கருவிகளை விற்கும் அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் காட்டுகிறது. இணையப் பெருக்கத்தின் உச்சத்தில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கடன் வாங்கிக் கருவிகளைக் குவித்தன. சரக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடங்களில் ஆர்டர் கொடுத்து, எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளர்கள் கணக்குப் போட்டார்கள். சிஸ்கோ அதை உண்மையான தேவை என்று நம்பியது. தன் பங்குக்குப் பாகங்களை வாங்கிக் குவித்தது. உற்பத்தி செய்துகொடுக்கும் ஒப்பந்த நிறுவனங்களும் குவித்தன. பணப்புழக்கம் நின்றதும் அந்த இரட்டை ஆர்டர்கள் ஒரே நேரத்தில் ஆவியாயின. 2001இல் சிஸ்கோ தன் சரக்கு இருப்பில் சுமார் 225 கோடி டாலர் மதிப்பை ஒரே வரியில் கழித்துவிட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அது ஒரு நிறுவனத்தின் ஒரு காலாண்டு நட்டம். பாகங்கள் புறப்பட்ட ஆசிய நாடுகளில் அதுவும் அதுபோன்ற பிற நிறுவனங்களின் ரத்துகளும் சேர்ந்து தொழிற்சாலைகளின் வேலை நேரத்தையே வெட்டின.

இப்படிப் பின்னோக்கிப் போகப் போக அதிர்வு பெரிதாவதை விநியோகத் துறையினர் சாட்டை விளைவு என்கிறார்கள். பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு. சொல்லைவிடக் கணக்கு தெளிவாகக் காட்டும். ஒரு விற்பனையாளர் மாதம் 100 மடிக்கணினி விற்கிறார், எப்போதும் இரண்டு மாத விற்பனைக்கான சரக்கை, அதாவது 200 கணினியை, கையிருப்பில் வைக்கிறார் என்று கொள்வோம். விற்பனை 90 ஆகக் குறைகிறது. இனி அவருக்கு 180 கையிருப்பு போதும். ஆகவே அந்த மாதம் 70 மட்டும் ஆர்டர் செய்கிறார். பாகங்களைப் பூட்டிக் கணினியாக்கும் நிறுவனமும் பாகங்களில் இரண்டு மாத இருப்பு வைத்திருந்தது. அதன் விற்பனை 70 ஆனதும் அதற்கு 140 போதும். கையில் இருந்தது 200, அதில் 70 போக மிச்சம் 130. அது வாங்குவது வெறும் 10. கடையில் 10 சதவீதம் குறைந்த விற்பனை, பூட்டும் ஆலையில் 30 சதவீதமாகி, சிப் தயாரிப்பாளரிடம் 90 சதவீதச் சரிவாக வந்து நிற்கிறது. இதில் யாரும் பதறவில்லை, யாரும் முட்டாள்தனமாக நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாரும் தம் விதியின்படி ஒழுங்காகவே நடந்தார்கள். நடப்பில் இந்தப் படிகள் மூன்றல்ல, ஏழெட்டு. ஒவ்வொன்றும் பெரும்பாலும் வேறொரு நாட்டில்.

இதோடு காலமும் சேர்கிறது. ஒரு சிலிக்கான் தகட்டில் வேலை தொடங்கி முடிந்த சிப்பாக வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். புது ஆலை கட்ட இரண்டு மூன்று ஆண்டு. தட்டுப்பாட்டின்போது எடுத்த முடிவு, தேவை தணிந்த பிறகு உற்பத்தியாக வந்து இறங்குகிறது. வந்த பிறகு ஆலையை நிறுத்தவும் மனம் வராது. செலவில் பெரும்பங்கு இயந்திரங்களின் தேய்மானம். ஓட்டினாலும் நிறுத்தினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அடக்க விலைக்குக் கீழேயும் விற்றுக்கொண்டே இருப்பார்கள். நினைவக சிப் எந்த நிறுவனம் செய்தாலும் பெரும்பாலும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக இருப்பதால், விலை வீழ்ச்சிக்கு அடிமட்டமே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

கொரியா இதை 1996இல் அனுபவித்தது. 50 டாலர்வரை விற்ற 16 மெகாபிட் நினைவக சிப், அந்த ஆண்டின் முடிவுக்குள் சுமார் 10 டாலருக்கு இறங்கியது. ஏற்றுமதி ஆன சிப்புகளின் எண்ணிக்கை குறையவில்லை, பணம்தான் வரவில்லை. அந்த ஆண்டு நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை சுமார் 2,300 கோடி டாலராக விரிந்தது. மறு ஆண்டு வந்த ஆசிய நிதி நெருக்கடிக்குக் குறுகிய காலக் கடன், வங்கிகளின் பலவீனம், பெருநிறுவனங்களின் அளவுமீறிய விரிவாக்கம் எனப் பல காரணங்கள் உண்டு. அந்தப் பட்டியலில் ஒரு சிப்பின் விலைக்கும் இடமுண்டு. விலை மாற்றத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் உள்நாட்டு உற்பத்தி எண்ணில் இத்தகைய அடி சரியாகத் தெரியாது. உற்பத்தி வளர்ந்ததாக அரசுக் கணக்கு சொல்லும், நாட்டின் வாங்கும் சக்தியோ குறைந்திருக்கும். மின்னணு ஏற்றுமதி நாடுகளின் வளர்ச்சி விகிதத்தைப் படிப்பவர்கள் பக்கத்திலேயே மொத்த உள்நாட்டு வருமானக் கணக்கையும் வைத்துக்கொள்வது நல்லது.

அதிர்ச்சி எப்போதும் வாங்குபவரிடமிருந்து விற்பவருக்குத்தான் போகும் என்றும் இல்லை. 2011 அக்டோபரில் தாய்லாந்தின் ஆயுத்தயா, பத்தும் தானி பகுதிகளில் தொழிற்பேட்டைகளை வெள்ளம் மூழ்கடித்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆலை தண்ணீரில் நின்றது. உலகின் வன்தட்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் அப்போது தாய்லாந்தில் உருவாகி வந்தன. வன்தட்டு இல்லாமல் கணினியைப் பூட்ட முடியாது. கணினி பூட்டப்படாவிட்டால் அதில் வைக்கும் மையச் செயலியை வாங்க ஆளில்லை. அந்த டிசம்பரில், மையச் செயலி செய்யும் இன்டெல் தன் காலாண்டு வருவாய் மதிப்பீட்டை 1,470 கோடி டாலரிலிருந்து 1,370 கோடியாகக் குறைத்தது; வன்தட்டுத் தட்டுப்பாட்டையே காரணமாகச் சொன்னது. இன்டெலின் ஆலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. தாய்லாந்தின் வன்தட்டு ஆலையும் அமெரிக்காவின் சிப் ஆலையும் ஒன்றுக்கொன்று எதையும் விற்காமலேயே ஒன்றாக இடறின. வேறெங்கோ ஒரு பூட்டும் மேசையில் இரண்டின் சரக்கும் சந்திக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரு நாட்டு வணிகப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் யாரோடு பிணைந்திருக்கிறார்கள் என்று சொல்வது அதனால்தான் ஆபத்தானது. ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் 2010இல் ஐஃபோனைப் பிரித்துக் கணக்குப் போட்டது. சீனாவிலிருந்து 178.96 டாலர் மதிப்பில் புறப்பட்ட ஒரு கைபேசியில், சீனாவில் பூட்டிய கூலி 6.50 டாலர் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி ஜப்பான், ஜெர்மனி, கொரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பாகங்கள். சுங்கக் கணக்கில் இது சீனா அமெரிக்காவுக்கு விற்ற பொருள். கைபேசி விற்பனை குறைந்தால் அடி விழுவதோ ஜப்பானிய, கொரியப் பாகத் தொழிற்சாலைகளில். 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்பாடு, கணினி, சிப், தொலைத்தொடர்புக் கருவிகள் மீதான சுங்க வரியை நீக்கிவிட்ட பிறகு, ஒரே பாகம் பல எல்லைகளைத் தாண்டிப்போவது மலிவாகிவிட்டது. இவை எடை குறைந்த, விலை மிகுந்த சரக்குகள், விமானத்தில் போகின்றன. எடைக் கணக்கில் உலக வணிகத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகச் சுமக்கும் விமானங்கள், மதிப்புக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கின்றன. கப்பலில் ஐந்து வாரம் கழித்து வரும் மந்தநிலை, விமானத்தில் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

பொருளின் சுழற்சி நாட்டின் சுழற்சியிலிருந்து பிரிந்து ஓடுவதைக் கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகள் பட்டவர்த்தனமாகக் காட்டின. 2020 வசந்த காலத்தில் கார் நிறுவனங்கள் பயந்து சிப் ஆர்டர்களை வெட்டின. அந்த ஆலை நேரத்தைக் கணினி, கைபேசிச் சிப்புகள் பிடித்துக்கொண்டன. கார் விற்பனை எதிர்பார்த்ததைவிட விரைவில் மீண்டபோது சிப்புக்கு வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று. புதுக் கார் கிடைக்காததால் 2021 ஜூனில் அமெரிக்காவில் பழைய கார் விலை ஓராண்டுக்கு முந்தையதைவிட 45 சதவீதம் உயர்ந்திருந்தது. விலைவாசி உயர்வும் இப்படிச் சிப் வழியாகப் பயணம் செய்யும் என்பது அதுவரை மத்திய வங்கிகள் பெரிதாக எண்ணிப் பார்க்காத ஒன்று.

பிறகு வந்தது மறுபக்கம். 2023இல் அமெரிக்கப் பொருளாதாரம் எல்லாருடைய எதிர்பார்ப்பையும் மீறி நன்றாகவே வளர்ந்தது. பாடநூல்படி கொரியா செழித்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 2022இல் சுமார் 12,900 கோடி டாலராக இருந்த கொரியாவின் குறைகடத்தி ஏற்றுமதி 2023இல் 10,000 கோடிக்குக் கீழே போனது. சாம்சங்கின் சிப் பிரிவு அந்த ஆண்டு 14 லட்சம் கோடி வோனுக்கும் மேல் நட்டம் கண்டது. ஊரடங்கில் மடிக்கணினி வாங்கியவர்களுக்கு மூன்றாவது ஆண்டில் இன்னொன்று தேவைப்படவில்லை என்பது பெரிய காரணம். வாடிக்கையாளர் நாடு நலமாக இருந்தது. வாடிக்கையாளர் கையில் பொருளும் இருந்தது.

இத்தகைய சரிவுக்கு உள்நாட்டுக் கொள்கையால் செய்யக்கூடியது சொற்பம். வட்டியைக் குறைத்தால் வெளிநாட்டுத் தரவு மையம் கூடுதலாக நினைவகம் வாங்கப்போவதில்லை. நாணய மதிப்பு இறங்கினாலும் விற்பனை கூடாது. சிப்புக்கு விலை டாலரில்தான் பேசப்படுகிறது, செய்யத் தேவையான இயந்திரமும் ரசாயனமும் கணிசமாக இறக்குமதி. அரசு செலவைக் கூட்டி உள்நாட்டு வேலையிழப்பைத் தாங்கலாம், சுழற்சி திரும்பும்வரை காத்திருக்கலாம். பின்லாந்துக்கு அப்படித் திரும்பவேயில்லை. 2000 வாக்கில் நாட்டின் ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கைத் தந்த நோக்கியா, கைபேசிச் சந்தையை இழந்தபோது சுழற்சி அல்ல, ஒரு தொழிலே போனது. 2012 முதல் மூன்றாண்டுகள் அந்நாட்டுப் பொருளாதாரம் தேங்கிக் கிடந்ததற்கு அது முக்கியக் காரணங்களில் ஒன்று.

இப்போது சுழற்சிக்குள் அரசியலும் நுழைந்திருக்கிறது. 2022 அக்டோபரில் அமெரிக்கா சீனாவுக்கு உயர்ரக சிப்புகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும் போவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. நாடுகளின் பிணைப்பு தளரும் என்று எதிர்பார்த்தவர்கள் சிப் செய்யும் இயந்திரங்களை விற்கும் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். கதவு முழுதாக மூடுமுன் வாங்கிவிட வேண்டும் என்று சீன நிறுவனங்கள் அனுமதிக்கப்பட்ட பழைய ரக இயந்திரங்களை அள்ளின. 2024இன் முதல் இரு காலாண்டுகளிலும் ஏஎஸ்எம்எல்லின் இயந்திர விற்பனையில் ஏறத்தாழ பாதி சீனாவுக்குப் போனது. தடை அச்சமே ஒரு செழிப்பை உண்டாக்கியது. இன்று முன்கூட்டி வாங்கியது நாளைய ஆர்டரில் கழியும். ஆக அடுத்த பள்ளத்தின் தேதியை ஒரு தலைநகரில் எழுதும் ஆணையும் தீர்மானிக்கிறது.

இன்றைய பிணைப்பு எங்கே மிகவும் இறுகியிருக்கிறது என்றால், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களில். 2024இல் அமெரிக்காவுக்குத் தைவானின் ஏற்றுமதி ஒரே ஆண்டில் 46 சதவீதம் கூடியது. கொரியாவின் குறைகடத்தி ஏற்றுமதி அதே ஆண்டு 14,000 கோடி டாலரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. கோடிக்கணக்கான நுகர்வோர் இதன் பின்னால் இல்லை. மைக்ரோசாஃப்ட், அமேசான், ஆல்ஃபபெட், மெட்டா போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களின் மூலதனச் செலவுதான் இதில் பெரும்பகுதி. முன்பு ஒரு நாட்டின் மந்தநிலை கடல் தாண்டி வர வேண்டியிருந்தது. இப்போது ஓர் இயக்குநர் குழு தன் திட்டத்தை ஓராண்டு தள்ளிவைத்தாலே போதும். அமெரிக்காவின் பிரம்மாண்டமான பொருளாதாரத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவான அசைவாகக் கரைந்துவிடலாம். தைவானில் கரையாது.

இந்த முறை வேறு என்பவர்கள் நீண்டகால ஒப்பந்தங்களைக் காட்டுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு சிப்புகளோடு சேர்த்து வைக்கும் உயர் அலைவரிசை நினைவகம் 2025ஆம் ஆண்டுக்குப் பெரும்பாலும் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று கொரியாவின் நினைவக நிறுவனமான எஸ்கே ஹைனிக்ஸ் 2024 மே மாதத்திலேயே சொன்னது உண்மைதான். ஒப்பந்தம் அதிர்வைச் சில மாதம் தாமதப்படுத்தும். ஆனால் இந்தத் தொழிலில் வாங்குபவர் சிலரே, அடுத்த ஆண்டும் அவர்களிடமே விற்றாக வேண்டும். தேவை சரியும்போது ஒப்பந்தத் தாளை நீட்டி வழக்குப் போடுவதைவிட, விலையையும் தேதியையும் திரும்பப் பேசவே விற்பவர்கள் இறங்கி வருவார்கள். 2000இன் இறுதியிலும் சிஸ்கோவின் கையில் ஆர்டர்கள் நிறையவே இருந்தன.